தான்சானியாவில் பணம் போடும் முன்: பயணிக்கும் முதலீட்டாளருக்கும் ஒரு வழிகாட்டி

தான்சானியா பற்றி என்னிடம் விசாரிக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். சான்சிபாரில் கடலோர நிலம் என்ன விலை? தெற்கே, முந்திரி விளையும் மத்வாராவில் கொட்டை என்ன விலை? இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் என்ன தொழில் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது? அதைச் சட்டமே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறது. அதைப் படிக்காமல் யாரோ ஒரு தெரிந்தவரை நம்பிப் பணத்தை இறக்குபவர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் என் வரிசை இதுதான். முதலில் பயணியாகப் போய் ஊரைப் பாருங்கள். அடுத்து, தொழிலில் இருப்பவர்களிடமும் அரசு அலுவலகங்களிலும் பேசுங்கள். அப்புறம் நிறுவனம். பணம் கடைசியில்.

வீசா, ஊசி, பெட்டி

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இணையத்திலேயே வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண வீசாவுக்குக் கட்டணம் 50 டாலர், 90 நாள் வரை தங்கலாம். வேலையாகவோ வியாபாரமாகவோ போகிறவர்களுக்கு 250 டாலரில் தனியாக வணிக வீசா உண்டு. சுற்றுலா வீசாவில் போய் ஊர் பார்க்கலாம், கடற்கரையில் உட்காரலாம். கடையிலோ ஆலையிலோ நின்று வேலை பார்ப்பது குற்றம். குடிவரவுத் துறையினர் சோதனைக்கு வருவது வழக்கமான விஷயம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து இரண்டு மடங்கு பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன. முகவரி ‘ஜிஓ புள்ளி டிஇசட்’ என்று முடிந்தால் மட்டுமே அட்டை எண்ணைக் கொடுங்கள்.

சான்சிபார் தனி அரசாங்கம் உள்ள தீவு. தாங்கனிக்காவும் சான்சிபாரும் 1964 ஏப்ரலில் இணைந்து உருவான நாடுதான் தான்சானியா. ஆனால் தீவுக்கென்று தனி அதிபர், தனிச் சட்டசபை, தனி வரித்துறை உண்டு. 2024 அக்டோபர் முதல் தீவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் அங்குள்ள அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் 44 டாலர் பயணக் காப்பீட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும். உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இது தனி.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். நோய் உள்ள நாட்டிலிருந்து ஊசி போடாமல் திரும்புபவர்களை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தவும் விதி உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம். 2019 ஜூன் முதல் தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவரில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் பாணிச் சதுர மூன்று முனை சாக்கெட், அதற்கு ஒரு அடாப்டர் போதும்.

இறங்கியதும்

டார் எஸ் சலாம்தான் வியாபாரத் தலைநகர். அரசுத் தலைநகர் உள்நாட்டில் இருக்கும் டொடோமா. டாரில் இறங்கியதும் சிம் வாங்குங்கள். கடவுச்சீட்டைக் காட்டி விரல் ரேகை வைத்துத்தான் தருவார்கள். தெருவில் ஏற்கெனவே பதிவு செய்த சிம்மை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். எம்-பெசா, ஏர்டெல் மணி போன்ற கைபேசிப் பணம்தான் அந்த ஊரின் மூச்சு. தேநீர்க் கடை முதல் மின்கட்டணம் வரை எல்லாம் அதிலேயே நடக்கிறது.

டாலரை வைத்துக்கொண்டு அலையும் காலம் போய்விட்டது. உள்நாட்டில் பொருளுக்கும் சேவைக்கும் ஷில்லிங்கில்தான் விலை சொல்ல வேண்டும், ஷில்லிங்கில்தான் வாங்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் மத்திய வங்கி விதி வந்தது. வீட்டு வாடகையை டாலரில் கேட்பவர் இன்னமும் உண்டு. ஒப்பந்தத்தை ஷில்லிங்கில் எழுதச் சொல்லுங்கள்.

புதியவர்களைக் கட்டாயம் தடுமாற வைக்கும் ஒன்று, நேரம். சுவாஹிலி பேசுபவர்கள் காலை ஆறு மணியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. நம் ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று. ஓட்டுநர் ‘நாளை மூன்று மணிக்கு வருகிறேன்’ என்று சொன்னால், காலை ஒன்பதா பிற்பகல் மூன்றா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கைக்கடிகாரத்தைக் காட்டிக் கேட்பது இன்னும் நல்லது.

ஊருக்குள் போக டலடலா என்ற சிற்றுந்து, போடாபோடா என்ற வாடகை பைக், அப்புறம் பஜாஜி. பஜாஜி என்றால் நம் ஆட்டோதான். பைக்குகளில் ஓசூர் டிவிஎஸ்ஸையும் நிறையப் பார்க்கலாம். 2016இல் தொடங்கிய தனித்தட விரைவுப் பேருந்து நெரிசலில் கைகொடுக்கும். டாரிலிருந்து டொடோமாவுக்கு 2024இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் நாட்டின் பெருமை. முன்பு ஒரு பகலைத் தின்ற பயணம் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அரசு அலுவலக வேலையாக டொடோமா போக வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வயதில் பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமோ’ என்று சொல்லுங்கள். அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். இதைச் சொல்லாமல் நேராகக் கணக்கு வழக்குக்குப் போகிறவரை மரியாதை தெரியாதவர் என்றே எண்ணுவார்கள். அலுவலகத்தில் எழுத்தரிடமும் வீட்டு நலம் விசாரித்த பிறகே கோப்பைக் கேளுங்கள். துறைமுகம், ராணுவ இடம், அரசுக் கட்டடம் இவற்றைப் படம் எடுக்காதீர்கள். சான்சிபாரில் கடற்கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ரமலான் பகலில் தெருவில் நின்று சாப்பிட வேண்டாம்.

கடலோரமாக ஒரு சுற்று

செரங்கெட்டியும் கிளிமஞ்சாரோவும் உலகம் அறிந்தவை, அதற்கு அருஷா பக்கம் போக வேண்டும். தொழில் நோக்கத்தோடு போகிறவர்கள் முதல் பயணத்தைக் கடற்கரைக்கே ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து. டாரில் கிசுடு பகுதியில் கோயில்களும் சைவச் சாப்பாடும் கிடைக்கும். அங்கிருந்து நடந்தே கரியாக்கூ சந்தைக்குப் போய்விடலாம். காங்கோ, சாம்பியாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் சரக்கெடுக்க வரும் இடம் அது. ஒரு முழுநாள் சும்மா நின்று, யார் வாங்குகிறார்கள், மூட்டை எந்த லாரியில் ஏறுகிறது என்று பாருங்கள்.

டாரிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்தில் சான்சிபார். ஸ்டோன் டவுன் 2000 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம். மாலையில் ஃபொரொதானி பூங்காவில் மீனும் கரும்புச்சாறும், காலையில் தரஜானி சந்தையில் கிராம்பும் பட்டையும். அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுப்பிய தேவாலயத்தையும் பாருங்கள். அந்தத் தீவின் செல்வம் எதன் மேல் நின்றது என்று அங்கே புரியும். நகருக்கு வெளியே சென்னை ஐஐடியின் வளாகம் இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே ஒரு ஐஐடி வளாகம் தொடங்கியது அதுவே முதல்முறை. 2023இல் பேராசிரியர் ப்ரீத்தி அகலாயம் அதன் பொறுப்பை ஏற்றபோது, ஐஐடி வளாகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஆனார்.

பிறகு தெற்கே போங்கள். கில்வா கிசிவானி தீவில் இடிந்த பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. 1331இல் மொராக்கோவின் பயணி இபின் பதூதா வந்து வியந்த ஊர் அது. அதற்கும் தெற்கே லிண்டி, மத்வாரா. பயணிகள் குறைவாக வரும் பகுதி. முந்திரி வியாபாரத்தில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாத பகுதியும் அதுவே.

மார்ச் முதல் மே வரை பெருமழை, அப்போது தெற்குச் சாலைகள் சோதிக்கும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம்.

எதில் கை வைக்கக் கூடாது

2025 ஜூலை இறுதியில் தான்சானியா அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டவர் செய்யக் கூடாத 15 தொழில்கள் அதில் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட் தவிர்த்த மொத்த, சில்லறை வியாபாரம், கைபேசிப் பணப் பரிமாற்றக் கடை, கைபேசி பழுதுபார்ப்பு, முடிதிருத்தகம், சுற்றுலா வழிகாட்டி வேலை, நினைவுப்பொருள் கடை, சிறு சுரங்கம், சிறு குறுந்தொழில், நிலத் தரகு, உள்நாட்டுக் கூரியர் ஆகியவை அவற்றில் சில. விவசாயியின் வயலுக்கே போய் விளைச்சலை வாங்குவதும் கூடாது. கரியாக்கூவில் வெளிநாட்டார் சில்லறைக்கு இறங்கிவிட்டார்கள் என்று உள்ளூர் வியாபாரிகள் பல காலமாகக் குமுறிக்கொண்டிருந்ததன் விளைவு இது.

மீறினால் குறைந்தது ஒரு கோடி ஷில்லிங் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வீசாவும் குடியிருப்பு அனுமதியும் ரத்து. வெளிநாட்டவருக்கு முன்னால் நின்று பெயர் கொடுக்கும் உள்ளூர்க்காரருக்கும் தண்டனை உண்டு. ‘என் பெயரில் கடையைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பினாமியாகப் போட்ட பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்குக்கூடப் போக முடியாது.

எனக்கு இந்த ஆணையின் நியாயம் புரிகிறது. ஒரு தள்ளுவண்டிக்காரரோ சலூன்காரரோ செய்யும் பிழைப்பில் வெளிப் பணம் போட்டியிட வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கும் அறிவும் இயந்திரமும் தேவைப்படும் இடம் வேறு. அதைத் தேடிப் போவதுதான் இரு பக்கத்துக்கும் நல்லது.

தங்கம் பற்றியும் ஒன்று. ‘கிராமத்திலிருந்து மலிவாகத் தங்கக் கட்டி, பாதி பணம் முன்கூட்டி’ என்று வரும் அழைப்பு மோசடி. தான்சானியாவில் கனிமம் வாங்க அரசு அமைத்த கனிமச் சந்தைகள் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் வாங்கவே முடியாது.

முந்திரி, துவரை

தெற்கு மாவட்டங்களில் அக்டோபர் தொடங்கி முந்திரி அறுவடை. நம் நாட்டில் மார்ச் முதல் மே வரை. நம் ஆலைகளில் கொட்டை தீர்ந்துபோகும் நேரத்தில் அங்கே புதுச் சரக்கு வருவதால்தான் பண்ருட்டியும் கொல்லமும் அந்தக் கரையைப் பார்த்து நிற்கின்றன. 2024-25 பருவத்தில் விளைச்சல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது.

விவசாயி கொட்டையைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பார். அது கிடங்குக்குப் போகும், ரசீது கிடைக்கும். முந்திரி வாரியத்தின் மேற்பார்வையில் ஏலம் நடக்கும். இப்போது சரக்குப் பரிவர்த்தனை மையத்தின் இணையத் திரை வழியாக. பதிவு செய்து காப்புத்தொகை கட்டிய நிறுவனம் மட்டுமே விலை கேட்கலாம். கிராமத்தில் மூட்டையை நேரடியாக வாங்குவதற்கு அங்கே ‘கங்கோம்பா’ என்று பெயர், சட்டவிரோதம். மலிவாகக் கிடைக்கிறது என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

ஏலத்தில் எழுதியிருக்கும் தரத்தை மட்டும் நம்பாமல் கிடங்கில் மாதிரி எடுத்து வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பல மூட்டைகளில் குத்தி எடுத்துக் கலந்து, ஒரு கிலோ நிறுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை கொட்டை என்று எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பைத் தோலோடு நிறுக்க வேண்டும். புள்ளி விழுந்தது, சுருங்கியது பாதி எடைதான் கணக்கு. அழுகியதும் பொக்கும் கழிவு. மிஞ்சும் நல்ல பருப்பு 284 கிராம் என்றால், 80 கிலோ மூட்டைக்கு 50 பவுண்டு. வியாபாரத்தில் ‘அவுட்டேர்ன் 50’ என்று சொல்வது இதைத்தான். ஒரு பவுண்டு குறைந்தாலும் கப்பல் கணக்கில் பெரிய தொகை. மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் கடல் பயணத்தில் பூசணம் பிடிக்கும்.

உடைக்காத கொட்டைக்கு ஏற்றுமதி வரி உண்டு. அங்கேயே உடைத்துப் பருப்பாக்கி அனுப்ப வேண்டும் என்பதே அந்த அரசின் விருப்பம். நம்மவர்களுக்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பண்ருட்டியில் தலைமுறையாக இருக்கும் வேக வைத்தல், உடைத்தல், தோல் நீக்கல், தரம் பிரித்தல் என்ற கைத்திறனும் கோவை, ஓசூர் பட்டறைகளின் இயந்திரத் திறனும் மத்வாராவுக்குத் தேவைப்படுகின்றன. ஆனால் ஆலையை மூடவைப்பது பெரும்பாலும் கொட்டை வாங்கப் பணம் போதாததுதான். மூன்று மாதத்தில் வாங்கி ஆண்டு முழுக்க உடைக்க வேண்டும், அத்தனை நாளும் பணம் கிடங்கில் கிடக்கும். இயந்திரத்துக்கு ஒதுக்கும் தொகையைவிடப் பெரிய தொகையை நடைமுறை மூலதனத்துக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

துவரையும் அப்படியே. அங்கே ‘ம்பாசி’. கடலோர வீடுகளில் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மந்தாசி என்ற பொரித்த ரொட்டியோடு காலையில் சாப்பிடுவார்கள். ஆனால் விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவை நம்பியது. 2017இல் இந்தியா இறக்குமதிக்கு அளவு விதித்தபோது அங்கே விலை படுத்துவிட்டது, விவசாயிகள் அடுத்த பருவத்தில் விதைக்கவே யோசித்தார்கள். துவரையில் இறங்குகிறவர் டெல்லி வெளியிடும் இறக்குமதி அறிவிப்புகளைத் தவறாமல் படிக்க வேண்டும்.

நிறுவனம், நிலம்

நிறுவனப் பதிவு ‘பிரெலா’ என்ற முகமையின் இணையத் தளத்தில். பெயர் பதிவு, அமைப்பு விதிகள், இயக்குநர் விவரம். பிறகு வரித்துறையில் வரி எண், அப்புறம் தொழில் உரிமம். ஊழியர் வைத்தால் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சம்பளத்தில் 20 சதவீதம், குறைந்தது பாதியை நீங்கள் கட்ட வேண்டும். நிறுவன வரி 30 சதவீதம், பெருநிலப்பகுதியில் மதிப்புக் கூட்டு வரி பொதுவாக 18. விற்பனைக்கு அரசு அங்கீகரித்த ரசீது இயந்திரத்தில்தான் பில் போட வேண்டும். இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு.

முதலீட்டுச் சலுகைகளை இப்போது பார்ப்பது ‘டிசேசா’. முன்பிருந்த முதலீட்டு மையமும் ஏற்றுமதி மண்டல ஆணையமும் 2025இல் ஒன்றாகி உருவானது. வெளிநாட்டு முதலீட்டுக்குச் சலுகைச் சான்றிதழ் வேண்டுமானால் குறைந்தது 5 லட்சம் டாலர். இயந்திர இறக்குமதிச் சலுகையும் வெளிநாட்டுப் பணியாளருக்கான இடங்களும் அந்தச் சான்றிதழோடு வரும். இந்த அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். எல்லாத் துறைகளின் அதிகாரிகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

நிலத்தில் கவனம். தான்சானியாவில் எல்லா நிலமும் அதிபரின் பொறுப்பில் உள்ள பொது நிலம். குடிமக்களுக்கே 33, 66, 99 ஆண்டு அனுபவ உரிமைதான். வெளிநாட்டவருக்கு முதலீட்டு நோக்கத்துக்கு மட்டும், முதலீட்டு ஆணையம் வழியாக வரும் உரிமை. 1999 நிலச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. கிராம நிலத்தை ஊர்த் தலைவர் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு விற்க முடியாது. சான்சிபாரில் ‘சிபா’ என்ற தீவின் முதலீட்டு முகமை அங்கீகரித்த குடியிருப்புத் திட்டங்களில் நீண்ட காலக் குத்தகையாக வீடு வாங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலர் போட்டால் குடியிருப்பு அனுமதிக்கும் வழி உண்டு. கட்டி முடித்த வீட்டைப் பாருங்கள், படத்தைக் காட்டி விற்பதை நம்பாதீர்கள். தீவில் கிராம்பு வாங்குவது அரசு வணிகக் கழகத்தின் தனியுரிமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தியாவிலிருந்து தனிநபராகப் பணம் அனுப்ப ஓர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் உச்சவரம்பு. வெளிநாட்டு நிறுவனப் பங்குக்குப் போகும் பணம் 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளின் கீழ் வங்கி வழியாகப் படிவம் கொடுத்தே போக வேண்டும். உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்துத் தரகர் வழியாக, அனுப்பிய பணத்தைச் சட்டப்படி திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

அரசியலையும் கணக்கில் எடுங்கள். 2025 அக்டோபர் 29 தேர்தலை ஒட்டி வன்முறை வெடித்து உயிர்கள் போயின. டாரில் ஊரடங்கு, நாடு முழுக்க இணைய முடக்கம். கைபேசிப் பணத்தையே நம்பியிருப்பவர்களுக்கு அது கடினமான நாட்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் ஆவணங்களின் அச்சுப்படியும் எப்போதும் வையுங்கள். டாரில் இந்தியத் தூதரகமும் சான்சிபாரில் துணைத் தூதரகமும் உண்டு, நீண்ட நாள் தங்கினால் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞரை நிலம் விற்பவரோ பங்குதாரரோ அறிமுகப்படுத்தியவராக வைத்துக்கொள்ளாதீர்கள். டாரில் தனியாகத் தேடி, கட்டணத்தை எழுத்தில் பேசி, ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியும் சுவாஹிலிப் பிரதியும் ஒன்றுதானா என்று அவரிடம் உறுதி வாங்குங்கள். அக்டோபர் முந்திரி ஏலத்தை நேரில் பார்க்க நினைப்பவர்கள் ஆகஸ்டிலேயே ஊசி போட்டு, செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வணிக வீசாவுக்கு விண்ணப்பித்து, டாரில் இரண்டு நாள் அலுவலக வேலைகளை முடித்துவிட்டு மத்வாராவுக்கு விமானம் ஏறுவது சரியாக இருக்கும்.